அறுபத்திரண்டு கற்களுக்கு அடியில்

அருங்காட்சியக டைரக்டர் கொம்போசுரேன் பெயர்ப்பலகையை முன்கூட்டியே செய்து முடித்துவிட்டார். இரண்டு ஆள் நீளம், ஓரமெல்லாம் பித்தளை. நடுவில் ஒரு ராட்சத மிருகம் இருக்கிற பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் வாயில் ஒரு முட்டை. மேலே தங்க எழுத்தில் ‘கோபியின் கொள்ளைக்காரன்’. கீழே, அதைவிடக் கொஞ்சமே சின்ன எழுத்தில், கண்டுபிடித்தவர் என்று டைரக்டரின் பெயர். பலகை தலைநகர் உலான்பாதரில் அருங்காட்சியக வாசலில் துணி போர்த்திக்கொண்டு திறப்புவிழாவுக்குக் காத்திருந்தது. ஒரே ஒரு குறை. மிருகத்துக்கு இன்னும் தலை கிடைக்கவில்லை.

அந்தக் குறை டைரக்டரை உறுத்தியதோ இல்லையோ, அறுநூறு கிலோமீட்டர் தெற்கே ஹுரென் கணவாயின் சிவப்புச் சரிவில் மண்டி போட்டிருந்த தோல்கோரை உறுத்தியது. உண்மையில் கண்டுபிடித்தவள் அவள்தான். போன கோடையில் மண்ணுக்கு வெளியே விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருந்த ஒரு நகத்தைப் பார்த்தாள். தூசியை ஊதினாள். நாக்கில் வைத்தாள். வெறும் கல் என்றால் நாக்கில் ஒட்டாது. எலும்பாக இருந்து கல்லானது என்றால் எச்சிலை இழுத்துக்கொண்டு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பல்கலைக்கழகத்தில் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். நகம் ஒட்டியது. பிய்த்து எடுத்தபோது நாக்கு எரிந்தது. பெரிய ஆசாமி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பத்தொரு கோடை கோபிப் பாலைவனத்தில் போயிருந்தது. வண்டி மணலில் புதைந்து, ரேடியேட்டர் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்து ஐந்து நாள் உயிரோடு இருந்திருக்கிறாள். எலும்பு கடத்துகிறவர்கள் துப்பாக்கியை நீட்டியபோது வந்த விருந்தாளிகளை உபசரிக்கிற மாதிரி உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, அவர்கள் ஊதி ஊதிக் குடிக்கிற நேரத்தில் டிரைவர் பல்தான் அந்த ஆட்களின் வண்டிச் சாவியைக் கிணற்றில் போட்ட கதையும் உண்டு. மாநாடுகளில் டைரக்டர் இதையெல்லாம் தன் அனுபவமாகச் சொல்வார். அவர் வாயில் துப்பாக்கிகளின் எண்ணிக்கை வருஷா வருஷம் கூடிக்கொண்டு போயிற்று.

ஆனால் இந்த மிருகத்தைப் போல ஒன்றை அவள் பார்த்ததில்லை. மூக்கிலிருந்து வால்வரை, மூக்கு கிடைத்தால், எட்டு மீட்டர். அது பறவை போல கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்குக் கீழே வட்டமாக அடுக்கின இருபத்திரண்டு முட்டைகள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இரண்டு கைகளையும் அகல விரித்து அந்த வட்டத்தின் மேல் போட்டிருந்தது. அடுத்தவர் கூட்டில் புகுந்து முட்டை திருடும்போது மணல் சரிந்து செத்த கொள்ளைக்காரன் என்று டைரக்டர் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார். திருட வந்தவன் எதற்கு அப்படி அணைத்துக்கொண்டு செத்தான் என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

தோல்கோர் கேட்டாள். முட்டைகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதற்குள் பிறக்காத குஞ்சு, கட்டைவிரல் நகம் அளவு தலையோடு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது அதற்குப் பல் இல்லை, அலகு இருந்தது. வாயின் மேல் அண்ணத்தில் தினை மணி போல இரண்டு மொட்டு. பெரியதன் தலையில் பல் இருந்தால் அது கொள்ளைக்காரன். பல்லில்லாத அலகும் அந்த இரண்டு மொட்டும் இருந்தால் அது பெற்றது. ஏழு கோடி வருஷத்துக்கு அப்புறம் உறவைச் சொல்ல முகச்சாயலை விட்டால் வேறு சாட்சி கிடையாது. இதை அறிக்கையாக எழுதி அனுப்பினாள். ‘தலை கிடைத்ததும் பேசுவோம்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. கூடவே பலகையின் புகைப்படம்.

கழுத்தெலும்பு ஒன்பது முழுசாகக் கிடைத்தது. பத்தாவது பாதி. சரிவின் மேல்விளிம்பில், ஒரு திட்டில் வந்து அது முடிந்தது. அதற்கப்புறம் மண் அரித்துப் போயிருந்தது, எலும்பு இல்லை. தலை உருண்டு கீழே போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அவளும் பல்தானும் சரிவு முழுக்கப் பதினொரு நாள் சல்லடை போட்டார்கள். முயல் எலும்பு வந்தது, சோவியத் காலத்துப் பொத்தான் வந்தது, மண்டையோட்டின் ஒரு சில்லுகூட வரவில்லை.

“அக்கா, கீழ விழலைன்னா மேலதான் போயிருக்கும்” என்றான் பல்தான், சல்லடையை உதறிக்கொண்டே. “கோவிச்சுக்கிட்டு நடந்து போயிருக்கும். எங்க மச்சான்கூட அப்படித்தான் ஒரு தடவை போனான்.”

“உன் மச்சானுக்கு உடம்பும் கூடவே போச்சே.”

“அது என்னவோ வாஸ்தவம். ஆனா தலை போனது பெருசா தெரியலை, பாத்துக்கங்க.”

பல்தான் இருபது வருஷமாக அவளுக்கு வண்டி ஓட்டுகிறவன். சாம்பல் நிற ரஷ்ய வேன். கதவை மூட உதைக்க வேண்டும், திறக்கவும் உதைக்க வேண்டும். அந்தக் கோடையில் அவனுக்கு வேறொரு பகையும் இருந்தது. மணல் நரி ஒன்று முகாமில் புகுந்து காயப்போட்ட தயிர்க்கட்டியைத் தின்றது, ஆட்டுக்கொழுப்பைத் தின்றது, கடைசியில் அவன் மனைவி பின்னிக் கொடுத்த சிவப்புக் கோடு போட்ட கம்பளிக் காலுறையில் இடது காலை மட்டும் கவ்விக்கொண்டு போய்விட்டது.

“ரெண்டையும் எடுத்துட்டுப் போனாலும் மனசு ஆறும். ஒத்தக் கால எடுத்துட்டுப் போனா என்ன அர்த்தம்? வேணும்னே பண்ணுது.”

“கோபியோட கொள்ளைக்காரன் அதுதான் போல. டைரக்டர்கிட்ட சொல்லிப் பலகையை மாத்திடலாம்” என்றாள் தோல்கோர்.

தோண்டத் தொடங்கி முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் மேற்கே வானம் செங்கல் நிறமாயிற்று. கூடாரத்தைக் கட்டுவதா எலும்பைக் காப்பதா என்று யோசிக்க நேரமில்லை. எலும்புகளில் பாதிக்குத்தான் சாக்குத்துணியும் சாந்தும் வைத்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். முட்டைகள் திறந்து கிடந்தன. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு குழிக்குள் குதித்தாள். ஒரு ஓரத்தை பல்தான் பிடித்தான், மறு ஓரத்தைக் காற்று பிடித்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் தார்ப்பாயின் மேல் குப்புறப் படுத்து, கையிரண்டையும் விரித்து அழுத்திக்கொண்டாள். மணல் முதுகில் கொட்டிற்று. காதில் கொட்டிற்று. இரண்டு மணி நேரம். தாடைக்குக் கீழே முட்டைகளின் வரிசை தார்ப்பாய் வழியாக ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

காற்று நின்றபோது பல்தான் வந்து அவளைத் தட்டினான். அவள் எழவில்லை.

“அக்கா! உசிரோட இருக்கீங்களா?”

“என் கை எங்க இருக்கு, பாரு.”

அவன் பார்த்தான். அவளுடைய வலது கை மிருகத்தின் வலது கையின் மேலும், இடது கை இடது கையின் மேலும், விரல் விரித்த தினுசுகூட மாறாமல் கிடந்தது. பல்தான் எதைப் பற்றியும் கிண்டல் பண்ணக்கூடியவன். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டினான். தட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அதைத் தலையில் வைக்கவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு அந்தத் தலை ஆராய்ச்சி விஷயமாக இல்லை. செத்து ஏழு கோடி வருஷம் ஆன ஒரு ஜீவனை, தன் பிள்ளைகளை விட்டு ஓடாததற்குத் தண்டனையாக, திருட்டுப் பட்டம் கட்டிப் பித்தளைச் சட்டத்துக்குள் நிறுத்தப் போகிறார்கள். மந்திரி பார்வையிட வருவதற்குள் தடுக்க அவளிடம் இருந்தது இன்னும் மூன்று நாள்.

மறுநாள் செதேன் மோட்டார் சைக்கிளில் வந்தான். கணவாய்க்குக் கீழே கிணற்றடியில் கூடாரம் போட்டிருந்த ஒட்டகக்காரன்; நாற்பத்தைந்து வயசு, பட்டை வார் கட்டின நீள அங்கி, காதில் புளூடூத். புயலில் தன் ஒட்டகம் இரண்டு இந்தப் பக்கம் வந்ததா என்று பார்க்க வந்தவன், கையோடு ஒரு கேன் ஒட்டகப் பாலும் கொண்டு வந்திருந்தான். அந்த ஊர் மரியாதைப்படி மூக்குப்பொடிச் சிமிழை மாற்றி முகர்ந்துகொண்டார்கள்.

“மந்தை நல்லா கொழுத்திருக்கா?” என்றாள் தோல்கோர்.

“நல்லாத்தான் இருக்கு. உங்க எலும்பு கொழுத்திருக்கா, எலும்பக்கா?” அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் எலும்பக்காதான்.

“தலை மட்டும் வளர மாட்டேங்குது. செதேன், நிஜத்தைச் சொல்லு. உங்க ஆளுங்க யாராச்சும் இந்தத் திட்டுலேர்ந்து பெரிய மண்டையோடு எதையாச்சும் எடுத்துட்டுப் போயிருக்காங்களா? உங்க அப்பா காலத்துல, தாத்தா காலத்துல?”

செதேனுக்கு அது அவமானமாகப் பட்டது. சிமிழை மூடினான்.

“இந்தத் திட்டுலேர்ந்தா? ஓவோ பக்கத்துலேர்ந்தா? எங்க ஆளுங்க இங்கேர்ந்து ஒண்ணும் எடுக்க மாட்டாங்க அக்கா. போடத்தான் போடுவாங்க.”

தோல்கோர் கையில் இருந்த பால் கிண்ணம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பத்தாவது கழுத்தெலும்பு முடிந்த இடத்திலிருந்து மூன்று எட்டு தள்ளி ஓவோ நின்றது. கணவாயைக் கடக்கிறவர்கள் இறங்கி, மூன்று சுற்றுச் சுற்றி, ஆளுக்கொரு கல் வைத்து வைத்தே வளர்ந்த குவியல். நிற்கிற ஒட்டகத்தின் திமில் உயரம். உச்சியில் கம்பு, கம்பில் நீலப் பட்டுத்துணிகள், சுற்றிலும் குதிரை மண்டையோடுகள், காலி வோட்கா பாட்டில்கள், குணமான யாரோ விட்டுப்போன ஊன்றுகோல், ஒரு ஸ்டீயரிங் உறை. அவசரக்காரர்கள் இறங்காமல் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள்.

“செதேன். ஓவோன்னா கணவாயோட உச்சியிலதானே இருக்கும்?”

“ஆமா.”

“உச்சி அதோ, இன்னும் இருநூறு எட்டு மேல. இது ஏன் இங்க இருக்கு?”

“எப்பவும் இங்கதான்.”

“ஏன்?”

செதேன் மேலே பார்த்தான், ஓவோவைப் பார்த்தான், மறுபடி மேலே பார்த்தான். “அட. அதை யாரும் கேக்கலையே.”

யாரும் என்பதில் தானும் அடக்கம் என்பதுதான் தோல்கோரை உட்கார வைத்தது. ஒரு கல்லையும் பார்க்காமல் தாண்டாதே என்பது அவள் தொழிலின் முதல் பாடம். நடைபாதைக் கல், அடுப்புக் கல், கூடாரத்து முளையடிக்கிற கல் என்று பார்க்காமல் விட்டதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் கதவுக்கு அண்டக் கொடுத்த கல்லை நாக்கில் வைத்துப் பார்த்து மானம் போயிருக்கிறது. ஆனால் ஓவோவுக்குக் கல் எடுக்கும்போது யாரும் கல்லைப் பார்ப்பதில்லை. நடந்துகொண்டே குனிந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்து, மனதில் எதையோ வேண்டிக்கொண்டு வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. முப்பத்தொரு கோடை. வந்து இறங்கியதும் ஒன்று, வேலை தொடங்கும்போது ஒன்று. ‘இந்த வருஷமாவது பெரிசா ஒண்ணு கிடைக்கணும்’ என்று வேண்டிக்கொண்டு, அந்தப் பெரிசின் முகத்தின் மேலேயே அறுபத்திரண்டு கல்லைத் தன் கையால் வைத்திருக்கிறாள்.

அவளுக்கு முன்னால் எத்தனை பேர்? முதல் கல்லை வைத்தவன் எதைப் பார்த்து வைத்தான்? ஓலைத் தொப்பியும் பட்டமும் இல்லாமல், பூதக்கண்ணாடி இல்லாமல், ஒட்டகத்தை இழுத்துக்கொண்டு இந்தத் திட்டில் ஏறி வந்த ஒருத்தன், மண்ணுக்கு வெளியே ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறான். நின்றிருக்கிறான். இதைச் சும்மா தாண்டிப் போகக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அருங்காட்சியகத்தின் முன்னூறு பக்க ஆண்டறிக்கையில் அதைவிடச் சரியான முடிவு ஒன்று இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை டைரக்டர் வெள்ளை லேண்ட் குரூஸரில் வந்து இறங்கினார். ஓலைத் தொப்பி, பத்துப் பை வைத்த சட்டை, பத்திலும் ஒன்றுமில்லை. கையில் செல்ஃபி கம்பு. மந்திரி நாளைக்கு ஹெலிகாப்டரில் வருகிறார். டைரக்டருக்குக் காரியம் ஆக வேண்டும் என்றால் தோல்கோர் அவருக்கு அக்கா. அதிகாரம் பண்ண வேண்டும் என்றால் டாக்டர்.

“அக்கா! தலை எங்க?”

அவள் சொன்னாள். அவர் ஓவோவைப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் ஏறிற்று.

“பிரிச்சிடுவோம்! டாக்டர், அரை நாள் வேலை. அறிவியல் வளர்ற நாட்டுல ஒரு கல்லுக்குவியல் குறுக்க நிக்கலாமா? மந்திரி வரும்போது தலை என் கையில இருக்கணும்.”

செதேனும் அவன் மனைவி யாஞ்சிமாவும் பால் கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாஞ்சிமா கேனைக் கீழே வைத்தாள்.

“பிரிங்க டைரக்டர் ஐயா” என்றாள் அமைதியாக. “நாங்க தடுக்க மாட்டோம். நாங்க யாரு தடுக்க? முதல் கல்லை மட்டும் நீங்களே உங்க கையால எடுத்துடுங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

“அதுக்கென்ன” என்றார் டைரக்டர்.

அவர் திட்டில் ஏறினார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று தோல்கோருக்குத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது. அவர் எடுத்திருந்தால் அவள் தடுத்திருக்க மாட்டாள். பிற்பாடு இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு டைரக்டர்மேல் சிரிப்பு வந்து, தன்மேல் வெட்கத்தில் முடியும்.

டைரக்டர் ஓவோவுக்கு முன்னால் போய் நின்றார். தானாகவே கை தொப்பியைக் கழற்றிற்று. அவர் கண்ணுக்கு நேராக, இருப்பதிலேயே அகலமான, பூவேலை செய்த நீலப் பட்டு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பதவிக்கு அவர் பெயரும் அடிபட்டபோது, உலான்பாதரிலிருந்து இதற்காகவே வண்டி எடுத்து வந்து அவர் கட்டிவிட்டுப் போனது. பதவி வந்த மறுநாள் டிரைவர் வட்டாரம் முழுவதற்கும் விஷயம் தெரியும்.

கையை நீட்டினார். விரல் ஒரு கல்லின்மேல் படும் தூரத்தில் நின்றது. பட்டு ஆடிற்று. கை மெதுவாகக் கீழே வந்தது. அவர் குனிந்தார். காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து, பார்க்காமல், ஓவோவின் மேல் வைத்தார். வைத்துவிட்டோம் என்று அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது. வைத்தபிறகு சும்மா வர முடியுமா? மூன்று சுற்றும் சுற்றினார்.

“இடுப்பு பிடிச்சுக்கிச்சு” என்றார் இறங்கி வந்து.

“மலைக்காத்து அப்படித்தான் ஐயா” என்றான் பல்தான். அவன் முகத்தில் அசைவே இல்லை. “உக்காருங்க, தேத்தண்ணி தர்றேன்.”

தேநீர் கொதிக்கும்போதுதான் நரி வந்தது. பட்டப்பகலில், திட்டின் அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து தலையை நீட்டி, டைரக்டரின் திறந்த வண்டியை ஆராய்ந்தது. பல்தான் செருப்பைக் கழற்றி எறிந்தான். நரி ஓவோவைச் சுற்றி ஓடி, சட்டென்று மறைந்தது.

“அதோ போகுது பாருங்க, காலுறைத் திருடன்! அவன் வீடே அங்கதான். ஓவோக்கு அடியில வளை தோண்டி வச்சிருக்கான், அந்தப் பக்கத்துலேர்ந்து…”

அவன் பாதியில் நிறுத்தினான். தோல்கோர் எழுந்துவிட்டாள்.

“யாஞ்சிமா,” என்றாள், “கல்லை எடுக்கக்கூடாது. சரி. பார்க்கலாமா?”

யாஞ்சிமா செதேனைப் பார்த்தாள். செதேன் தோளைக் குலுக்கினான். “நரி தினம் பாக்குது. எலும்பக்கா பாத்தா என்ன?”

வளை ஓவோவின் வடக்குப் பக்கம், மழைநீர் அரித்த பள்ளத்தில் இருந்தது. ஒரு ஆள் தோள் நுழையும். தோல்கோர் ஓவோவை மூன்று முறை சுற்றிவிட்டு மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தாள். நரி வேறு வாசல் வழியாகப் போய்விட்டிருந்தது, வாடை இருந்தது. மேலே கற்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கிற்று. அதற்குமேல் உடம்பு போகவில்லை. கையை நீட்டினாள்.

மண். வேர். மயிர். பிறகு, குளிர்ச்சியாக, வழவழப்பாக, மண்ணாலோ கல்லாலோ ஆகாத ஒரு வளைவு.

விரல்கள் தாமாக நடந்தன. ஒரு விளிம்பு, ஒரு பெரிய வட்டக் குழி, அவள் கைமுட்டி முழுசாகப் போனது: கண். அதற்கு முன்னால் இறங்குகிற ஒரு சரிவு. நுனி வளைந்து, கூர்ந்து, மழுங்கியிருந்தது. அடிப்பக்கமாகத் தடவினாள். முப்பத்தொரு வருஷப் பழக்கம் உள்ள விரல்; அதற்குப் பல் தெரியும், பல் விழுந்த குழி தெரியும். ஒன்றுமில்லை. ஓரம் முழுக்கக் கத்தி மாதிரி வழுவழுப்பு. அலகு. இன்னும் உள்ளே, மேல் அண்ணத்தில், விரல்நுனி ஒன்றில் இடித்தது. அதன் பக்கத்தில் இன்னொன்றில். குஞ்சின் வாயில் தினை மணியாக இருந்தவை இங்கே வாதுமைக் கொட்டை அளவு. அதே இரண்டு மொட்டு.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு அவள் படுத்திருந்தாள். மேலே முன்னூறு, நானூறு வருஷத்து வேண்டுதல்களின் மொத்த எடை. கீழே ஏழு கோடி வருஷம். நடுவில் ஒரு வாய், ஒரு விரல். வெளியே யாரோ ஏதோ கேட்டார்கள்.

“அக்கா!” பல்தானின் குரல். “கடிக்குதா?”

“பல்லே இல்லடா!” என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வெளியே இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. “பல்லே இல்ல! பெத்ததுதான்!”

டைரக்டர் தேநீரைக் கீழே வைத்தார். அவர் மனதில் பலகையின் நீளம் ஓடியிருக்க வேண்டும். “கையால தடவினதெல்லாம் ஆதாரமாகாது, டாக்டர்.”

“அதுக்கு உங்க கம்பு போதும் ஐயா” என்று பல்தான் செல்ஃபி கம்பை அவர் கையிலிருந்து மிக மரியாதையாக வாங்கினான்.

பத்து வருஷத்தில் அந்தக் கம்பின் மறுமுனையில் டைரக்டர் இல்லாமல் எடுத்த முதல் படம் அதுதான். தோல்கோர் கம்பை உள்ளே விட்டு, கீழிருந்து மேலாக நாற்பது படம் எடுத்தாள். வெளியே வந்து மண்ணோடு உட்கார்ந்து, ஐந்து பேரும் சின்னத் திரையின்மேல் தலைகள் முட்டக் குனிந்தார்கள்.

அலகு இருந்தது. அண்ணத்தில் இரண்டு மொட்டு, வெளிச்சத்தில் நிழல் விழத் தெளிவாக. கண்குழியைச் சுற்றிக் கற்கள். மேலே குவிந்தவை போல அள்ளிப் போட்டவை அல்ல, ஒரே அளவாகத் தேர்ந்து, முகத்தில் பாரம் விழாதபடி வளைவாக அடுக்கினவை. அலகுக்கு நேர் முன்னால், ஓரம் உளுத்துப்போன ஒரு மரக்கிண்ணம்.

யாஞ்சிமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“பால் வச்சிருக்காங்க” என்றாள். “பசியா இருக்கும்னு நெனச்சிருக்காங்க. பிள்ளைக்காரியாச்சே.”

“பிள்ளைக்காரின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் டைரக்டர். “முட்டையெல்லாம் மண்ணுக்குள்ள இல்ல இருந்தது?”

அவருடைய வாழ்க்கையில் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அது என்று தோல்கோர் நினைத்தாள். அவர் குரலிலும் வழக்கமான சத்தம் இல்லை. தொப்பி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“அது சரி, கிண்ணத்துக்குப் பக்கத்துல என்ன, செவப்பா?” என்றான் செதேன்.

பல்தான் திரையைப் பிடுங்கினான். “என் காலுறை!”

தலையை எடுப்பது பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. எடுக்க வழி இருந்தது. லாமாவைக் கூட்டி வந்து முறைப்படி ஓவோவை இடம் மாற்றலாம், ஊரே சம்மதித்தாலும் சம்மதிக்கும். தோல்கோர் ஒரு சாயங்காலம் முழுக்க அதை யோசித்தாள். பிறகு கடைசி மாவுக்கட்டைப் போட்டு, பெட்டிகளுக்கு எண் எழுதினாள். அவளுக்கு வேண்டியது அந்த முகத்தைத் தெரிந்துகொள்வது. தெரிந்துகொண்டாயிற்று. அந்த முகத்துக்கு வேண்டியதை யாரோ முன்னமே செய்துவிட்டிருந்தார்கள்.

மந்திரி வரவில்லை. பக்கத்து மாகாணத்தில் குதிரைப் பந்தயம் இருந்தது.

குளிர்காலத்தில் அருங்காட்சியகத்தில் கண்காட்சி திறந்தது. பலகையில் ‘கொள்ளைக்காரன்’ மேல் வண்ணம் பூசி ‘தாய்’ என்று எழுதப் போனார்கள். தாய்தான் என்று நிச்சயமில்லை, இந்த வகையில் அப்பன் அடைகாத்திருக்கவும் கூடும் என்று தோல்கோர் சொல்லப் போக, டைரக்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் ‘கோபியின் பெற்றோர்’ என்று ஆயிற்று. நடுவில் பல்லைக் காட்டின மிருகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பூந்தொட்டி வைத்து மறைத்தார்கள். கண்டுபிடித்தவர் பெயரில் மட்டும் மாற்றம் ஒன்றுமில்லை. தங்கம் நல்ல தங்கம்.

உள்ளே, எட்டு மீட்டர் எலும்பு இருபத்திரண்டு முட்டைகளை அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறது. கழுத்து ஒன்பதரையோடு நிற்கிறது. அதற்கப்புறம் சுவரில் ஒரு பெரிய புகைப்படம். கீழே அட்டையில் தோல்கோரின் கையெழுத்தில் மூன்று வரி. ‘தலை: தன் இடத்தில். கிண்ணம்: வைத்தவருடையது. காலுறை: டிரைவர் பல்தானுடையது.’ மூன்றாவது வரியை எடுக்கச் சொல்லி டைரக்டர் நான்கு கடிதம் எழுதினார். படத்தில் இருப்பதை விளக்காமல் விடுவது அறிவியல் ஆகாது என்று அவள் நான்குக்கும் பதில் போட்டாள்.

முப்பத்திரண்டாவது கோடையில் சாம்பல் வேன் மறுபடி ஹுரென் கணவாயில் ஏறிற்று. பல்தான் ஹாரன் அடிக்கவில்லை. நிறுத்தி, கதவை உதைத்துத் திறந்து இறங்கினான். தோல்கோர் நடந்துகொண்டே குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். நின்றாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

“அக்கா, சாமிக்கு வைக்கிற கல்லை நக்கிப் பாக்குற ஒரே ஆளு நீங்கதான்.”

ஒட்டவில்லை. வெறும் கல். அதைத் துடைத்து, அடியில் இருக்கிற முகத்தின்மேல் பாரம் இறங்காத இடமாகப் பார்த்து வைத்தாள்.

அவள் சுற்றி முடித்து வந்தபோது பல்தான் வடக்குப் பக்கத்துப் பள்ளத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். அங்கியின் மடியிலிருந்து எதையோ எடுத்து வளை வாசலில் வைத்து, காற்றில் போகாமல் மேலே ஒரு சின்னக் கல்லையும் வைத்தான். சிவப்புக் கோடு போட்ட கம்பளிக் காலுறை. வலது கால்.

“என்னடா இது?”

“ஒத்தக் காலுறையை வச்சுக்கிட்டு அது மட்டும் என்ன பண்ணும்?” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். “உள்ள குளிரும்.”